அளவு நோட்டின் பின்பக்கம்

ஜூன் 8, ஞாயிறு

புற்றுநோய்க்காக மார்பை எடுத்த பிறகு என் இடக்கை வீங்குகிறது, அதைத்தான் அளக்கிறேன். இடக்கை மணிக்கட்டு ஆறேகால் அங்குலம். முழங்கைக்கு நான்கு விரல் கீழே ஒன்பதே முக்கால். அதே இடத்தில் வலக்கை ஒன்பது. நேற்றும் இதேதான். மாலை அளவை நம்பாதீர்கள், காலையில் மட்டும் பாருங்கள் என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருக்கிறாள். டேப் நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும்போது கை சும்மா இருக்குமா?

ஜூன் 10, செவ்வாய்

என்னைப் போலவே மார்பை எடுத்த நாச்சியார்கோவில் அக்கா வந்தார். திண்ணையில் மாமனார் உட்கார்ந்திருந்ததால், "கைக்குழி பிடிக்கிறது, பிரித்துக் கொடு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கதவைச் சாத்தியதும் அப்படியே ஸ்டூலில் சரிந்தார்.

ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு ஜாக்கெட்டைக் கழற்றினால் ஏன் என்று யாரும் கேட்காத இடம் இந்தப் பக்கத்தில் தையல்காரி வீடு ஒன்றுதான். டாக்டர் அறையில்கூட மாமியார் நிற்கிறார், கொழுந்தன் நிற்கிறார், காப்பீட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா நிற்கிறார். இங்கே யாரும் வர முடியாது. "அளவு எடுக்கிறார்கள்" என்றால் மாமனாரே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

அக்காவின் தொல்லை கைக்குட்டை. எடுத்த மார்புக்குப் பதிலாக மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறார். குனிந்து கோலம் போட்டால் அது கழுத்து எலும்புக்கு ஏறிவிடுகிறது. இலவம் பஞ்சும் அப்படித்தான், எடை இல்லாதது எதுவும் கீழே நிற்காது. எடை இல்லாவிட்டால் தோளும் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது, முதுகு வலிக்கிறது. சிலிக்கானில் விற்கிறார்கள். விலையைக் கேட்டு அக்கா சிரித்தார். அந்தக் காசுக்கு நாச்சியார்கோவிலில் ஆளுயரக் குத்துவிளக்கே வாங்கலாமாம்.

எங்களில் இன்னொருவரான டீச்சர் தானே ஒரு பை தைத்து அரிசி போட்டுப் பார்த்தார். மூன்றாம் வாரம் வண்டு வந்தது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கியவர், அன்று கோயில் பிரகாரத்தில் நெளிந்ததை அவரே நடித்துக் காட்டினார்.

கடுகுதான் சரி. உருண்டை, வழுக்கி வழுக்கி இடத்தை நிரப்பும், உடம்பு சாய்ந்தால் கூடவே சாயும். மல் துணியில் சின்னப் பை, அதில் கடுகு, சுற்றிலும் பஞ்சு, மேலே பழைய வேட்டித் துணியில் உறை. பின்பக்கம் ஒரு பிளவு. கடுகை வெளியே எடுத்துவிட்டு உறையைத் துவைக்கலாம். எடையை மட்டும் அவரவர்தான் சொல்ல வேண்டும். மளிகைக் கடைக்காரர் இந்த மாதம் ஊறுகாய் வியாபாரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறக்கிற நாள். மாமனார் டி.வி. முன்னால் மதகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களில் ஒருத்தியான கொரடாச்சேரிப் பெண் போனை எடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வீக்கத்தை அழுத்திப் பிடிக்கிற என் கை உறையை எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார். இந்த வெயிலில் எதற்கு என்று கேட்டார். வீக்கம் என்றேன். "வருஷா வருஷம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்தார்களே, விழுங்கவில்லையா?" என்றார்.

யானைக்கால் மாத்திரையைச் சொல்கிறார். கும்பகோணம் வட்டாரத்தில் வீங்கிய கால் என்றாலே அந்த ஒரு நினைப்புதான், நானும் சின்ன வயதில் அப்படித்தான் பார்த்துக் கூசியிருக்கிறேன். கோபம் வந்தது, ஆனால் யோசித்தால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அங்கே புழு போய் நிணநீர்ப் பாதையைக் கெடுக்கிறது. இங்கே டாக்டர் அக்குளில் நிணநீரை வடிக்கிற நெறிகளை எடுத்துவிட்டார். இரண்டிலும் வடிய வேண்டியது வடியாமல் தேங்குகிறது. வடிகால் தூர்ந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்தக் கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பட்டை கட்டக்கூடாது, சுட்டுக்கொள்ளக்கூடாது, கீறிக்கொள்ளக்கூடாது. குடம் தூக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் தையல்காரி. கொக்கி கட்டும்போது துணியைப் பிடிக்கிற விரல் இடது விரல். நாளைக்கு எத்தனை முறை ஊசி ஏறும் என்று எனக்கும் ஊசிக்கும்தான் தெரியும். பித்தளைக் கவசம் மாட்டிக்கொண்டால் துணியின் மடிப்பு தெரிவதில்லை. கொக்கி வேலையை மேலத்தெருப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன், ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று. என் கூலியில் அது போகிறது. போகட்டும். அவள் கட்டுகிற கொக்கி ஒரே வரிசையில் நிற்பதில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜூன் 16

இரவு இரண்டு மணி. உடம்பு முழுக்க அனல், நைட்டி நனைந்துவிட்டது. புற்று திரும்பாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையின் வேலை இது: டாமோக்சிபென் 20 மில்லிகிராம், தினம் ஒன்று, ஐந்து வருடம். டீச்சருக்கு ஒரு நெருப்புப் படம் அனுப்பினேன். உடனே விசிறிப் படம் வந்தது. அவரும் தூங்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

எங்களில் ஒருவரான ஆவூர் அம்மாவுக்குத் துணையாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. அவருக்குக் கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, நடக்கிறது, பதினைந்து தடவை, சனி ஞாயிறு கிடையாது. உள்ளே போனால் சில நிமிடம்தான். போக வர பஸ், வெளியே காத்திருப்பு, அதில்தான் நாள் போகிறது. முறை வைத்துக்கொண்டு போகிறோம். மகன் திருப்பூரில். மருமகள் ஒருநாள் வந்தாள், வழியெல்லாம் அழுதாள், அவளைத் தேற்றியே அம்மா களைத்துவிட்டார்.

படுக்க வைத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்வார்கள். அறுவைக்குப் பிறகு விறைத்த தோள் அதற்கு மடங்காது. அம்மாவுக்கும் முதலில் மடங்கவில்லை. என் வீட்டுக் கொல்லையில் கிணற்று ராட்டினம் சும்மாதான் கிடக்கிறது. வாளியை அவிழ்த்துவிட்டு, கயிற்றின் ஒரு முனை நல்ல கையில், மறுமுனை அந்தக் கையில். நல்லது இழுக்க இழுக்க மற்றது மேலே ஏறும். வலிக்கிற இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணி, இறக்க வேண்டும். மே மாதம் முழுக்க இதைத்தான் செய்தார். "தண்ணீரே வராத கிணற்றில் இப்படி இறைக்கிறேன்" என்பார்.

மார்பில் மை போட்டுக் குறித்திருக்கிறார்கள். கழுவிவிடக்கூடாது. நான் துணியில் சாக்பீஸால் கோடு போடுவது மாதிரியே இருந்தது. வளைவுதான் கொஞ்சம் சரியில்லை.

காப்பீட்டு அட்டை விஷயத்தை இங்கே எழுதி வைக்கிறேன், யாராவது கேட்டால் காட்டலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார் இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றில் ஆவூர் அம்மாவின் பெயருக்கு ஒரு கால் அதிகம். அந்தக் காலுக்காக இரண்டு முறை நடந்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

வாய்க்காலில் தண்ணீர். மாமனார் காலை நனைத்துவிட்டு வந்து எல்லாருக்கும் சொன்னார்.

ஆவூர் அம்மாவுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. குறுவை நடவு தொடங்குகிறது. "கூப்பிட வருவார்கள், என்ன சொல்வேன்?" என்கிறார். சேற்றில் கை வைக்கக்கூடாது. நாற்றுமுடி தூக்கக்கூடாது. நகக்கண்ணில் ஒரு கீறல் போதும், கை சிவந்து காய்ச்சல் வந்துவிடும். போன வருடம் அப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நடவு நட்டே வளர்ந்த கை அது. ஓய்வெடுங்கள் என்று சொல்கிறவர்கள் யாரும் அரிசி தருவதில்லை. தைரியமாக இருங்கள் என்கிறவர்களும்தான். தைரியத்துக்கு அவரிடம் பஞ்சமில்லை, கூலிக்குத்தான்.

டீச்சருக்கு ஒரு யோசனை. நூறு நாள் வேலையில் தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் உண்டு. வலக்கையால் சொம்பில் மொண்டு கொடுக்கலாம், குடத்தை மற்றவர் தூக்கி வைக்கலாம். கேட்டுப் பார்க்கலாம் என்கிறார்.

ஜூன் 27

போய்க் கேட்டோம். நான்கு பெண்கள் சேர்ந்து நின்றதும் நாற்காலியை எடுத்துப் போட்டார்கள். பார்க்கலாம் என்றார்கள். டீச்சர் "பார்க்கலாம் என்றால் எந்தக் கிழமை?" என்று கேட்டார். திங்கள் என்றார்கள்.

ஜூலை 2

இடக்கை வலக்கையைவிட முழுதாக ஒரு அங்குலம் கூடுதல்.

ஜூலை 6, ஞாயிறு

உறையைப் போட்டுக்கொண்டே இருந்தேன், கையை உயர்த்தி வைத்தேன், பிசியோதெரபி பெண் காட்டியபடி தோளிலிருந்து தொடங்கி மெல்ல நீவிவிட்டேன். முதலில் மேலே வழி விட வேண்டும், பிறகுதான் கீழே இருப்பது நகரும். இடக்கையை நானே நீவினால் பாதி தூரம்தான் போகிறது. அக்கா வந்து முதுகுப் பக்கம் நீவினார். விளக்குக்கு மெருகு போடுகிற கை, அழுத்திவிட்டார். "தோலை மட்டும் நகர்த்துங்கள், நான் பித்தளை இல்லை" என்றேன்.

டீச்சர் ஒரு கதை சொன்னார். 1952இல் நியூயார்க்கில் தெரீஸ் லாசர் என்ற பெண்மணி, தனக்கு மார்பை எடுத்த பிறகு, தன்னைப் போன்ற பெண்கள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கே போவாராம். ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, உள்ளே வைத்துக்கொள்ள ஒரு பொய் மார்பு. டாக்டர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லையாம். பிடிக்காதுதான். பந்து பிசைய, கயிறு கையைத் தூக்க. அக்கா உடனே, "நம்மிடம் ராட்டினம் கூடுதலாக இருக்கிறது" என்றார்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் வந்ததற்குப் பின்னாலும் ஒரு தங்கை இருக்கிறாள் என்றார் டீச்சர். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தவர். முத்துலட்சுமி புதுக்கோட்டைக்காரர், நமக்குப் பக்கம்தான். இதைக் கேட்டு ஆவூர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்காளுக்கு வந்திருந்தால் தங்கச்சி கட்டியிருப்பாளா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

ஜூலை 11

மாமியார் வேண்டிக்கொண்டாராம். பங்குனியில் வலங்கைமான் மாரியம்மனுக்கு நான் பாடைக் காவடி எடுக்க வேண்டும். பிழைத்து வந்தவர்களைப் பிணம் போலப் பாடையில் கிடத்தித் தூக்கிப் போவார்கள், நெற்றியில் காசு, வாய்க்கட்டு எல்லாம் உண்டு. என்னைக் கேட்காமலே வேண்டிக்கொண்டுவிட்டார். நான் போதுமான மேசைகளில் கண்ணை மூடிப் படுத்தாயிற்று. அதைச் சொல்ல வாய் வந்தது. ஆனால் கீமோ நாட்களில் வாயெல்லாம் இரும்பு ருசியாக இருந்தபோது, நார்த்தங்காய் ஊறுகாயைக் கழுவி, கஞ்சியில் தொட்டுத் தொட்டு ஊட்டியவர் அவர்தான். பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

தண்ணீர் கொடுக்கும் வேலை ஆவூர் அம்மாவுக்கு! எழுத்தில் வாங்கியாயிற்று.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் இல்லை, மிஷின் சும்மா.

கொரடாச்சேரிப் பெண் கூப்பிட்டாள். இத்தனை நாளும் போன் அவள் நாத்தனாரிடம் இருந்ததாம். கட்டி ஆபரேஷன் என்று மட்டும்தான் ஊரில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, வருடம் முழுக்க, ஒவ்வொரு முறைக்கும் ஒரு பொய். இந்த முறை பல் வலி. "அக்கா, ஊசி ஊசியாக இருக்கட்டும், பதினெட்டாம் பெருக்குக்கு என்ன செய்வது?" என்று அழுதாள்.

படித்துறையில் எல்லாரும் முழுகி, ஈரச் சேலையோடு நின்று மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். ஈரச் சேலை எதையும் மறைக்காது. வராமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

அவள் உள்ளே வைப்பது நனையலாம், நனைந்தாலும் தொங்கக்கூடாது. கடுகு ஆகாது. ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், ஊறி வழவழவென்று ஆகிவிட்டது. ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு பிழியும்வரை விடாது.

ஜூலை 21

இலவம் பஞ்சு: ஈரத்தில் கட்டி தட்டுகிறது. இல்லை.

ஜூலை 22

கூழாங்கல் என்றார் அக்கா. இல்லை!

ஜூலை 26, சனி

ஆரி வேலைக்கு வாங்கி மீந்த கண்ணாடி மணி. ஒரு டப்பா நிறைய இருக்கிறது, கல்யாணப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறம் கேட்டுவிட்டுப் பிறகு வேறு நிறத்துக்கு மாறுவார்கள் அல்லவா, அந்த மிச்சம். கொசுவலைத் துணியில் இரட்டைப் பை, அதில் மணி, சுற்றிலும் தலையணைக்குப் போடுகிற நைலான் பஞ்சு, மேலே நீச்சல் உடைத் துணி. வாளியில் முக்கித் தூக்கினேன். பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. மேலே ஏறாமல் இருக்க உள்பாடியிலேயே பை தைத்து, கீழ்ப்பட்டியை ஒரு விரல் அகலம் கூட்டினேன்.

நடந்தால் லேசாகச் சலசலக்கிறது. மணியை இன்னும் நெருக்கிக் கட்டினேன். இப்போது இல்லை.

ஆகஸ்ட் 1

மணிப் பை தைத்த உள்பாடியை அவளிடம் கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. டீச்சரே பஸ் ஏறினார், மடியில் காதோலை கருகமணிப் பொட்டலம், அதற்கு அடியில் இது. நாத்தனார் கேட்டால் பழைய வாத்தியார் அம்மா, ஆடிச் சீர் கொடுக்க வந்தேன் என்று சொல்லப்போகிறாராம். அவருக்குப் பொய் வராது, குரல் மேலே போய்விடும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எல்லாப் படித்துறையிலும் கூட்டம். நான் இங்கே குடமுருட்டியில் கால் மட்டும் நனைத்தேன். காப்பரிசி, மஞ்சள், விளக்கு. மனம் முழுக்க வெண்ணாற்றங்கரையில்.

மதியம் மூன்றுக்கு அவள் கூப்பிட்டாள். மூன்று முழுக்கு. அசையவில்லையாம். கயிறு கட்டிவிட்ட பெரியம்மா ஒருவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்பாடி நன்றாகப் பிடித்திருக்கிறதே, எங்கே தைத்தாய் என்று கேட்டாராம்.

ஆகஸ்ட் 6, புதன்

அந்தப் பெரியம்மா நிஜமாகவே வந்துவிட்டார், கொரடாச்சேரியிலிருந்து! ஐந்து ஜாக்கெட். கூலியில் பேரம் பேசினார். குறைக்கவில்லை.

இடக்கை மறுபடி முக்கால்தான் கூடுதல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாளை எனக்கு மாமோகிராம், மிச்சமிருக்கிற பக்கத்துக்கு. ஆவூர் அம்மா கூட வருகிறார். ஒருநாள் கூலி போய்விடும், வேண்டாம் என்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் தனக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பழைய ரிப்போர்ட் டீச்சர் வீட்டில் இருக்கிறது. ஏழு மணிக்குள் போய் வாங்க வேண்டும்.