சுங்கை சிப்புட் நாட்குறிப்பு: ரத்தக்குழாயின் உள்தோல்

மார்ச் 8, 2025, சனி

வியாழக்கிழமை கோலாலம்பூர் ஆய்வகத்தில் எலிக்கருவின் ஸ்டெம் செல்களுக்கு, அதாவது உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்களுக்கு, லிஃப் என்ற புரதத்தை நிறுத்திவிட்டு வந்தேன். அது இருக்கும்வரை அவை எதுவாகவும் மாறாமல் பெருகிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் மாறத் தொடங்கும். நாலாம் வகை கொலாஜன் என்ற புரதம் பூசிய தட்டில் நாலு நாள் வளர்ந்ததும், எஃப்எல்கே1 என்ற அடையாளம் உள்ள செல்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அது திங்கள்கிழமை வேலை. அவற்றிலிருந்துதான் ரத்தக்குழாயின் உள்தோலை வளர்க்கப் பார்க்கிறோம்.

சுங்கை சிப்புட் வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். இனிப்பு நீரால் கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். ரப்பர் தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த குடும்பங்களில் இப்படி ஒருவராவது இல்லாத வீடு குறைவு. சர்க்கரை ஏறிய ரத்தம் முதலில் கெடுப்பது குழாயின் உள்தோலைத்தான். ஒரே செல் கனமுள்ள விரிப்பு அது. நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துவதும், ரத்தம் சுவரில் ஒட்டி உறையாமல் காப்பதும் அதன் வேலை. அது செயலிழந்தால் காலுக்குப் போகும் ரத்தம் குறையும், புண் ஆறாது.

மார்ச் 16, ஞாயிறு

பிரித்தெடுத்த செல்களுக்கு விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தோம். பல செல்கள் விளிம்போடு விளிம்பு நெருங்கிப் படர்ந்துவிட்டன. உள்தோல் செல்களின் அடையாளமான சிடி31 புரதத்துக்குச் சாயம் போட்டபோது செல்களின் ஓரங்கள் பச்சைக் கோடுகளாக ஒளிர்ந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த வழியைக் காட்டியது கியோத்தோவில் யமஷிதா, நிஷிகாவா குழு, 2000-ஆம் ஆண்டு. எஃப்எல்கே1 செல்களே உள்தோலாகவும் ஆகும், குழாயை வெளியிலிருந்து தாங்கும் தசைச் செல்களாகவும் ஆகும் என்று நிரூபித்தார்கள். மனிதக் கருவின் ஸ்டெம் செல்களிலிருந்து உள்தோல் செல்களைப் பிரித்தவர்கள் லெவன்பெர்க்கும் லாங்கரும், 2002-இல். மொத்தச் செல்களில் சுமார் 2 சதவீதம்தான் தேறின. அவற்றை எலிக்குள் வைத்தபோது குழாய்கள் உருவாகி, அவற்றுக்குள் எலியின் ரத்த அணுக்கள் காணப்பட்டன.

அம்மா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். உள்தோல் கெட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல ஆரம்பித்ததுமே பிடித்துக்கொண்டார்: "ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம் பட்டுரும்மா. அப்புறம் அந்த எடத்துல பட்டை ஒழுங்கா வளராது." பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்படலத்தைத்தான் சொல்கிறார். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 31, திங்கள், நோன்புப் பெருநாள்

பெரியம்மா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். "நீ படிக்கிறதுதானம்மா இது? ஸ்டெம் செல்லு. குடிச்சா பெரியப்பாவுக்குப் புது நரம்பு வளருமாம்." தெரிந்தவர் ஒருவர் விற்றாராம், 180 வெள்ளி (ரிங்கிட்). உள்ளே ஆப்பிள் ஸ்டெம் செல் என்று அச்சடித்த பொடிப் பொட்டலங்கள்.

எனக்கு வந்த கோபத்தைப் பெரியம்மாவிடம் காட்டவில்லை. உட்காரவைத்து விளக்கினேன். செல் என்பது உயிருள்ள பொருள். எங்கள் தட்டில் 37 டிகிரி சூடு, ஐந்து சதவீதக் கார்பன் டை ஆக்சைடு, தவறாமல் மாற்றும் திரவம் எல்லாம் இருந்தும் சில சமயம் செத்துப்போகும். காய்ந்த பொடியில் எது உயிரோடிருக்கும்? ஆப்பிள் செல் மனிதக் காலில் ரத்தக்குழாய் ஆகாது. வயிறு அதைச் சாப்பாடாகத்தான் செரிக்கும். உண்மையான செல்களை உடம்புக்குள் வைப்பதும் விளையாட்டல்ல. மாறாத ஸ்டெம் செல்கள் கொஞ்சம் கலந்திருந்தாலும் டெரட்டோமா கட்டி வரலாம். அதனால்தான் நாங்கள் இவ்வளவு கவனமாகப் பிரித்தெடுக்கிறோம்.

பெட்டி வந்தபிறகு பெரியப்பா இனிப்பு நீருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். அதுதான் என்னை உலுக்கியது. அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பெறும் மருந்தை நிறுத்தவைத்துவிட்டு, இதற்கு 180 வெள்ளி! தோட்டத்துச் சம்பளத்தில் உடம்பு தேய்ந்த மனிதரிடம், நாங்கள் செய்யும் வேலையின் பெயரைச் சொல்லிப் பிடுங்கியிருக்கிறார்கள். விற்றவரிடம் நானே பேசப் போகிறேன்.

ஏப்ரல் 5, சனி

விடுமுறை முடிந்ததும் பெரியப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது தங்கச்சி. மாத்திரையை மறுபடி தொடங்கியாயிற்று. விற்றவர் போனை எடுப்பதில்லை.

ஆய்வகத்தில், மேட்ரிஜெல் கூழில் வைத்த செல்கள் சில மணி நேரத்தில் கைகோத்து வலைபோன்ற குழாய்களாயின. மறுநாள் அறுந்து சுருங்கிவிட்டன. உள்தோல் மட்டும் இருந்தால் போதாது, வெளியில் தாங்கும் செல்களும் வேண்டும். 2004-இல் பாஸ்டனில் கொய்கே, ஜெயின் குழு இரண்டு வகையையும் சேர்த்து எலிக்குள் வைத்தபோது குழாய்கள் ஒரு வருடம் நிலைத்தன.

பெரியப்பா கேட்டார், "இது எப்பம்மா எங்களுக்கு வரும்?" இப்போதைக்கு எலி செல்லில்தான் இருக்கிறோம், உங்கள் காலுக்கு நாள் குறித்துச் சொல்ல முடியாது என்றேன். தலையாட்டிவிட்டு, அடுத்து என்ன செய்வேன் என்று கேட்டார். சரி, சொன்னேன்: அடுத்த தட்டில் எஃப்எல்கே1 செல்களில் ஒரு பங்குக்கு விஇஜிஎஃப், இன்னொரு பங்குக்கு பிடிஜிஎஃப் என்ற வேறொரு வளர்ச்சிக் காரணி. முதலாவது உள்தோல், இரண்டாவது தசைச் செல். அப்புறம் இரண்டையும் ஒரே கூழில் கலந்து, எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்போம்.