எரிவாயுக் கணக்கும் மின் யூனிட்டும்: எனர்ஜி ஆடிட்டர் தேர்வு எழுதுவோருக்கு

பிஇஇ-யின் (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் தேர்வுக்குத் தயாராகும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இயற்கை எரிவாயுக் கணக்கைத்தான். பாய்லர், பம்ப், மோட்டார் கணக்கெல்லாம் சரளமாகப் போடுகிறவர்கள்கூட எஸ்சிஎம் (ஸ்டாண்டர்ட் கன மீட்டர், எரிவாயுவின் கன அளவு), எம்எம்பிடியு, கிலோகலோரி (இவை இரண்டும் வெப்ப அலகுகள்) மூன்றும் ஒரே கேள்வியில் வந்தால் தயங்கி நிற்கிறார்கள். நான் படித்த காலத்தில் எனக்குக் கைகொடுத்த வழியை இங்கே எழுதுகிறேன்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை மிகக் குறைவு. ஒரு யூனிட் மின்சாரம், அதாவது 1 கிலோவாட் மணி என்பது 860 கிலோகலோரி. அதுவே 3.6 மெகாஜூல், 3,412 பிடியு (பிரிட்டிஷ் வெப்ப அலகு). ஒரு எம்எம்பிடியு என்பது 10 லட்சம் பிடியு. கிலோகலோரியில் ஏறக்குறைய 2,52,000, யூனிட்டில் 293. இவ்வளவு போதும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: மெகாவாட்டில் வரும் ‘மெ’ பத்து லட்சம். ஆனால் எரிவாயு வியாபாரத்தில் ஒரு ‘எம்’ என்றால் ஆயிரம்தான், இரண்டு ‘எம்’ சேர்ந்தால்தான் பத்து லட்சம். இதில் பிசகினால் விடை ஆயிரம் மடங்கு தள்ளிப் போய்விடும்.

இனி முக்கியமான இடம். எரிவாயு மீட்டர் காட்டுவது கன அளவை, ஆற்றலை அல்ல. அதை ஆற்றலாக்க வெப்ப மதிப்பு, அதாவது ஒரு எஸ்சிஎம் எரிந்தால் கிடைக்கும் வெப்பம், வேண்டும். கேள்வியில் 1,000 எஸ்சிஎம் எரிவாயு, மொத்த வெப்ப மதிப்பு எஸ்சிஎம் ஒன்றுக்கு 9,500 கிலோகலோரி என்று கொடுத்திருந்தால், பெருக்கினால் 95 லட்சம் கிலோகலோரி. 860-ஆல் வகுத்தால் 11,047 யூனிட். பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். இது வெப்பமாக இருக்கும் யூனிட். ஜெனரேட்டர் முனையில் கிடைக்கும் மின்சாரம் எவ்வளவு என்று கேட்டால் இன்னும் ஒரு படி இருக்கிறது, அதுதான் திறன், அதாவது வெப்பத்தில் எத்தனை சதவீதம் மின்சாரமாகிறது என்பது. கூட்டுச் சுழற்சி நிலையத்தின் (எரிவாயு டர்பைனின் புகை வெப்பத்தில் நீராவி டர்பைனும் ஓடும் நிலையம்) திறன் 50 சதவீதம் என்றால் கிடைப்பது சுமார் 5,520 யூனிட். முதல் படியில் எதுவும் வீணாவதில்லை, அலகு மட்டும் மாறுகிறது. இரண்டாம் படியில் பாதி வெப்பம் உண்மையாகவே புகைபோக்கி வழியாகவும் குளிர்விப்பு நீரிலும் போய்விடுகிறது. இந்த இரண்டையும் ஒரே வரியில் போடாதீர்கள். தனித்தனி வரியாக எழுதி, ஒன்றுக்குப் பக்கத்தில் ‘வெப்பம்’, இன்னொன்றுக்குப் பக்கத்தில் ‘மின்சாரம்’ என்று குறியுங்கள். திருத்துபவருக்கும் படிக்க வசதி.

ஹீட் ரேட் என்று கொடுத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க எத்தனை கிலோகலோரி வெப்பம் வேண்டும் என்பதே அது; 860-ஐத் திறனால் வகுத்தால் கிடைக்கும். 50 சதவீதத்துக்கு 1,720 கிலோகலோரி. 30 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட 2,870.

அப்புறம், மொத்த வெப்ப மதிப்பா, நிகர வெப்ப மதிப்பா என்பதைக் கேள்வியில் தேடிப் பாருங்கள். மீத்தேனில் ஹைட்ரஜன் அதிகம். எரியும்போது அது நீராவியாகிறது. அந்த நீராவி தன்னோடு எடுத்துச் செல்லும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்த மதிப்பு, சேர்க்காவிட்டால் நிகர மதிப்பு. மீத்தேனுக்கு ஒரு கிலோவுக்கு 55.5 மெகாஜூலும் 50 மெகாஜூலும். பத்து சதவீத வித்தியாசம் என்பது சின்ன விஷயமில்லை. 2014 நவம்பரில் உள்நாட்டு எரிவாயு விலை எம்எம்பிடியு ஒன்றுக்கு 5.05 டாலர் என்று அறிவிக்கப்பட்டபோது, அது மொத்த மதிப்பின்படி. நிகர மதிப்பின்படி பார்த்தால் அதே விலை 5.61 டாலர். எரிவாயு ஒன்றுதான், பணமும் ஒன்றுதான், அடிப்படை மட்டும் வேறு. திறனை நிகர மதிப்பிலும் எரிபொருளை மொத்த மதிப்பிலும் எடுத்தால் விடை நிச்சயம் தவறும்.

எஸ்சிஎம் 15 டிகிரியில், நார்மல் கன மீட்டர் 0 டிகிரியில் அளப்பது. ஒரு எஸ்சிஎம் என்பது 0.948 நார்மல் கன மீட்டர். கேள்வியில் கலந்து வந்தால் முதலில் இதைச் சமப்படுத்துங்கள்.

பயிற்சிக்கு நம் தமிழ்நாட்டு எரிவாயு மின் நிலையங்களையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். காவிரிப் படுகை எரிவாயுவில் ஓடும் குத்தாலம் நிலையம் 101 மெகாவாட். நாள் முழுக்க இந்த 101 மெகாவாட்டிலேயே ஓடினால் 24.24 லட்சம் யூனிட். ஹீட் ரேட் 1,720 என்று வைத்துக்கொண்டால் 416.9 கோடி கிலோகலோரி; 9,500-ஆல் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 4.39 லட்சம் எஸ்சிஎம் வேண்டும். இப்படி மின்சாரத்திலிருந்து எரிவாயுவுக்குத் திரும்பிப் போகும் கணக்கைப் போட்டுப் பழகியவருக்கு நேர்க் கணக்கு தானாக வரும். வழுதூர், கோவில்களப்பாள் நிலையங்களுக்கும் இதே மாதிரி போட்டுப் பாருங்கள். வழுதூருக்கு 187 மெகாவாட், கோவில்களப்பாளுக்கு 107 மெகாவாட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

விலைக் கேள்வியும் இதே வழிதான். எம்எம்பிடியு 10 டாலர் என்றால் 293-ஆல் வகுக்க, வெப்ப யூனிட்டுக்கு 3.4 சென்ட். 50 சதவீதத் திறனில் மின் யூனிட்டுக்கு 6.8 சென்ட். இது எரிபொருள் செலவு மட்டுமே என்று விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.