மாடு இல்லாத வீட்டில் புல்

மாடித்தோட்டத்தில் புல் வளர்க்கிறேன் என்றால் எதிர்வீட்டு மாமி, “மாடு வாங்கப் போறியாடீ?” என்கிறார். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோமே, அப்போது ரோஜா எல்லாம் கருகிப்போச்சு. பழைய பெயின்ட் வாளியில் இருந்த வெட்டிவேர் மட்டும் பச்சையாக நின்றது. அதுவும் புல்தான். நிலத்தில் 3 மீட்டர் ஆழம் இறங்கக்கூடிய வேர். உள்ளே சுருண்டு சுருண்டு வாளியையே பிளந்திருந்தது.

அப்புறம்தான் இந்தப் பைத்தியம். இப்போது தர்ப்பை இருக்கிறது, ஊதா பென்னிசெட்டம் என்கிற அழகுப்புல் இருக்கிறது. பென்னிசெட்டத்தின் கதிர் அணில் வால் மாதிரி. சாயங்காலம் கடற்காற்று வந்தால் மொத்தமும் ஒரே பக்கம் சாயும். வெயில் பிரச்சினையே இல்லை. ஐப்பசி மழையில் வாளி ஓட்டை அடைத்துக்கொண்டால்தான் வேர் அழுகும், போன வருஷம் ஒரு தூர் அப்படித்தான் போனது. தர்ப்பையை வெறுங்கையால் உருவாதீர்கள், விரல் கிழியும்.

மாமி இப்போதெல்லாம் அமாவாசைக்கு முதல் நாள் படியேறி வருகிறார், கையில் கத்தரிக்கோலோடு.