வைல்ட் ரைஸ் சூப் நாட்குறிப்பு

நவம்பர் 2, சனி

கோழியும் வைல்ட் ரைஸும் (வட அமெரிக்க ஏரிகளில் வளரும் ஒரு நீர்ப்புல்லின் விதை, அரிசி மாதிரி வேகவைப்பது) போட்ட க்ரீம் சூப்பை இந்த மாதம் விடாமல் செய்து பார்ப்பதாக இருக்கிறேன். செய்யச் செய்ய இங்கே எழுதி வைக்கிறேன். இந்த சூப் என்றாலே எல்லோரும் க்ரீமைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அப்புறம் கோழியைப் பற்றிக் கொஞ்சம். அரிசி வயிறு நிரம்பப் போட்ட பொருளாக ஓரமாக நின்றுவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை இது அரிசிக்காகவே செய்யும் சூப். அந்த ருசி மேலே வருகிற மாதிரி மற்ற எல்லாவற்றையும் அளந்து போட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

வைல்ட் ரைஸில் இரண்டு வகை வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று பாத்தி கட்டிப் பயிரிட்டது. கன்னங்கரேலென்று பளபளப்பாக, ஒரே நீளத்தில் இருக்கிறது. இன்னொன்று ஏரியில் தானாக விளைந்ததைக் கையால் அறுவடை செய்து, விறகுத் தீயில் வறுத்தது. அதில் பழுப்பும் சாம்பலும் கொஞ்சம் பச்சையும் கலந்திருக்கின்றன. பையைத் திறந்ததும் புகை வாசனை வந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

இன்றைக்கு அரிசி மட்டும்.

பயிரிட்ட கறுப்பு அரிசி ஒரு கப். நன்றாகக் கழுவி, நான்கு கப் தண்ணீரும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து மூடி வைத்தேன். அரை மணி நேரம் வரை ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். மேல்தோல் அவ்வளவு கெட்டி. தண்ணீர் உள்ளே போக நேரம் எடுக்கிறது. நாற்பதாவது நிமிடம் வாக்கில் ஒன்றிரண்டு மணிகள் நீளவாக்கில் பிளந்து உள்ளே இருக்கும் வெள்ளையைக் காட்ட ஆரம்பித்தன. மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, அரிசி வெடிச்சுப் போச்சு!" என்றாள். "வெடிக்கட்டும்டா, அதுக்குத்தான் காத்திருக்கேன்" என்றேன்.

எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் முக்கியம். பாதிக்கு மேல் மணிகள் பிளந்து, பிளந்தவை லேசாக வளையத் தொடங்கும்போது ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். தோல் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும், உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். எல்லா மணியும் சுருண்டு வெளியே பிதுங்கிவிட்டால் சூப்பில் கடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. தண்ணீரை வடித்துவிட்டு, மூடி ஐந்து நிமிடம் விட்டேன். ஒரு கப் அரிசி மூன்று கப்புக்கு மேல் வந்தது.

ஏரி அரிசி அப்படி இல்லை. அதே அளவு தண்ணீரில் இருபது நிமிடத்துக்குள் வெந்துவிட்டது. பயிர் அரிசியை அறுத்த பின் ஈரத்தோடு சில நாள் வைத்துப் பதப்படுத்துவதால்தான் அந்தக் கறுப்பும் கெட்டித்தனமும். ஏரி அரிசியை உடனே வறுத்து, தோலையும் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள், அதனால் சீக்கிரம் வேகிறது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போடவே கூடாது.

ருசியில் கறுப்பு அரிசியிடம் மண் வாசனை, பாதாம், முந்திரி மாதிரிப் பருப்புகளிடம் இருக்கும் கொழுப்பின் இனிப்பு. ஏரி அரிசியில் நல்ல தேயிலையின் மணமும் புகையும்.

நவம்பர் 5, செவ்வாய்

சமைக்கவில்லை. இந்த அரிசியைப் பற்றி எழுதி வைக்காமல் மேலே போக மனம் வரவில்லை.

பேர்தான் அரிசி. நெல் ஒரைசா இனம். இது சிசேனியா என்ற வேறொரு நீர்ப்புல்லின் விதை, நெல்லுக்கு உறவுக்காரச் செடி. வட அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின், கனடாவின் ஒன்டாரியோ பக்கத்து ஆழம் குறைந்த ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் தானாக வளர்வது. சமைக்காத நூறு கிராமில் 14 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, வெள்ளை அரிசியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான ஒஜிப்வே மக்களுக்கு இது மனூமின். அவர்களுடைய உணவு, சடங்கு, வரலாறு எல்லாவற்றிலும் அதற்கு இடம் உண்டு. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் இரண்டு பேர் ஒரு சிறு படகில் போவார்கள். ஒருவர் நின்றபடி நீண்ட கழியால் படகைத் தள்ளுவார். மற்றவர் உட்கார்ந்து, கையில் இருக்கும் இரண்டு மெல்லிய கோல்களில் ஒன்றால் தாள்களைப் படகுக்கு மேலே வளைத்து, இன்னொன்றால் மெல்லத் தட்டுவார். பழுத்த மணி மட்டும் உதிரும். ஒரே கதிரில்கூட எல்லா மணியும் ஒன்றாகப் பழுப்பதில்லை. அதனால் சில நாள் விட்டு அதே இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும். தட்டும்போது தண்ணீரில் விழுவது அடுத்த ஆண்டுப் பயிருக்கு விதை. இது ஓராண்டுச் செடி, குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்த சேற்றில் கிடந்தால்தான் முளைக்கும். மினசோட்டாவின் சட்டத்தில் கோலின் அளவே குறிக்கப்பட்டிருக்கிறது: 30 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, எடை ஒரு பவுண்டுக்குள் இருக்க வேண்டும். செடி முறியாமல் இருக்கத்தான்.

1837 ஒப்பந்தத்தில் ஒஜிப்வே மக்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, அங்கே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் வைல்ட் ரைஸ் சேகரிக்கவும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அந்த உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல், ஒஜிப்வே மக்களில் ஒரு பிரிவான மில் லாக்ஸ் குழுவின் வழக்கில் உறுதி செய்தது. ஓர் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதும் அளவுக்கு ஒரு தானியம் முக்கியமாக இருந்திருக்கிறது! 1977இல் அது மினசோட்டாவின் மாநிலத் தானியமும் ஆனது.

செடியோ ரொம்ப மென்மையானது. வளரும் பருவத்தில் தண்ணீர் மட்டம் திடீரென்று ஏறினால் வேரோடு பிடுங்கிக்கொண்டு மிதக்கும். தண்ணீரில் சல்ஃபேட் என்ற கந்தக உப்பு கூடினால் அது ஏரி அடிச் சேற்றில் சல்ஃபைடாக மாறி வேரைக் கெடுக்கும். வைல்ட் ரைஸ் வளரும் நீர்நிலைகளில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் சல்ஃபேட் இருக்கலாம் என்று மினசோட்டா 1973இலேயே வரம்பு வைத்தது. சுரங்கங்களையும் கழிவுநீரையும் ஒட்டி அந்த வரம்பைப் பற்றிய சண்டை ஓயவில்லை. ஏரி அரிசி விலை கூடுதலாக இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. அத்தனை பேர் கை பட்டு வருகிறது.

நவம்பர் 9, சனி

கோழி. எலும்போடு தொடைத் துண்டுகள் 700 கிராம். நெஞ்சுக்கறி இந்த சூப்புக்கு வேண்டாம். கொஞ்சம் நேரம் கூடினாலும் சக்கையாகிவிடும். தொடையில் இணைப்புத் திசு அதிகம், அது மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாகி நீருக்கு ஒரு பிடிப்பைக் கொடுக்கும். க்ரீமைக் குறைவாக ஊற்ற முடிகிறது என்றால் இந்தப் பிடிப்பு இருப்பதால்தான்.

துண்டுகளை உப்பு தூவிக் கொஞ்சம் எண்ணெயில் தோல் பக்கம் சிவக்க வறுத்து, ஏழு கப் தண்ணீர், வெங்காயத்தில் பாதி, செலரியின் இலையும் நுனியும், ஒரு பே இலை, நாலைந்து மிளகு சேர்த்து, ஓரத்தில் மட்டும் குமிழி வரும்படி சிறு தீயில் நாற்பது நிமிடம் வைத்தேன். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தாலே கோழி சாப்பிடப் பாதுகாப்பானது. தொடைக்கறிக்கு 80ஐத் தாண்டுவதுதான் அழகு, அப்போதுதான் எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். கறியைப் பெரிய நாராகவே பிய்த்து வைத்தேன். வடிகட்டிய நீரை ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் கோழி நீர் தளதளவென்று கட்டியாகியிருந்தது. மேலே படர்ந்த மஞ்சள் கொழுப்பை எடுத்துத் தனியாக வைத்தேன். வெண்ணெயில் பாதிக்குப் பதில் இதையே போடலாம்.

முதலில் காளான், 250 கிராம். சூடான அகலச் சட்டியில் எண்ணெயே இல்லாமல் போட்டு, விடும் தண்ணீர் முழுக்க வற்றும் வரை கிளறாமல் விட்டேன். வற்றிய பிறகுதான் வெண்ணெய், உப்பு. ஓரம் நன்றாகச் சிவக்க வேண்டும். பச்சைக் காளானை நேராக சூப்பில் போட்டால் வழுவழுவென்று மிதக்குமே தவிர ருசி தராது. சிவந்த காளான்தான் அரிசியின் மண் வாசனையைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்த சூப்பில் அரிசிக்கு அடுத்த இடம் என் பார்வையில் கோழிக்கு இல்லை, காளானுக்குத்தான்.

அப்புறம் அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயும் கோழிக் கொழுப்புமாக ஐந்து மேசைக்கரண்டி. மீதி வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு தண்டு செலரி எல்லாம் பொடியாக நறுக்கி, நிறம் மாறாமல் வதக்கினேன். மூன்று பல் பூண்டு, கொஞ்சம் தைம் இலை. இதன் மேலேயே மைதா ஐந்து மேசைக்கரண்டி தூவி, மூன்று நிமிடம் விடாமல் கிளறல். மாவின் ஒவ்வொரு துகளும் கொழுப்பில் நனைந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது, நீர் ஊற்றும்போது கட்டி தட்டாது. பச்சை மாவு வாசனை போய் லேசாக பிஸ்கட் வாசனை வந்ததும் நிறுத்த வேண்டும். இன்னும் சிவக்க விட்டால் ருசி கூடும், ஆனால் கெட்டிப்படுத்தும் சக்தி குறைந்துவிடும்.

கோழி நீரை முதலில் அரைக் கப் ஊற்றி விழுதாகக் கலக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீதியை. ஒரு கொதி கட்டாயம் வர வேண்டும். அதற்கு முன் பார்த்துவிட்டுத் தண்ணியாக இருக்கிறதே என்று மாவைக் கூட்டக் கூடாது. கொதி வந்த பிறகுதான் ஸ்டார்ச் முழுதாக உப்பிப் பிடிக்கும். பத்து நிமிடம் சிறு தீயில். அப்புறம் காளான், கோழி.

க்ரீம் அரைக் கப்தான். 36 சதவீதக் கொழுப்புள்ள கெட்டி க்ரீம். அதில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு, கொதித்தாலும் திரியாது. பாலோ கொழுப்பு குறைத்த க்ரீமோ என்றால் தீயை அணைக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். கடைசியாக வேகவைத்த அரிசி, கறுப்பு, இரண்டு கப். ஐந்து நிமிடம் ஒன்றாக இருந்தால் போதும். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, நிறைய மிளகுத்தூள்.

எல்லோரும் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கோ புகை வாசனை இல்லையே என்று ஓர் ஏக்கம்.

நவம்பர் 11, திங்கள்

மிச்சத்தைச் சூடு பண்ணினேன். இரவில் அரிசி நீரை இழுத்து, சூப் கரண்டியில் நிற்கும் அளவுக்குக் கெட்டியாகியிருந்தது. கோழி நீர் ஒரு கப் விட்டதும் சரியாகிவிட்டது. உப்பை மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 16, சனி

ஏரி அரிசியில் செய்தேன். இதற்காக மற்றதை எல்லாம் கொஞ்சம் அடக்கினேன்: தைம் பாதி, பூண்டு ஒரு பல், க்ரீம் கால் கப். அரிசி வேகவைத்த நீரைக் கொட்டாமல் வடித்து, ஒரு கப் எடுத்துக் கோழி நீரோடு கலந்தேன். வெளிறிய பழுப்பு நிறம், புகை மணம் முழுக்க அதில்தான் இருக்கிறது. கறுப்பு அரிசியின் நீரில் இதைச் செய்ய மாட்டேன், சூப் சாம்பல் நிறமாகிவிடும்.

முதல் வாயிலேயே தெரிந்தது. புகை முன்னால் வருகிறது, காளான் அதன் பின்னால், கோழி நிதானமாக. க்ரீம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுகிறதே தவிர எதையும் மூடவில்லை. கால் கப்புக்கு மேல் ஊற்றியிருந்தால் இந்தப் புகை அடங்கிப் போயிருக்கும். மகளுக்குப் போன வாரத்து சூப்தான் பிடித்திருக்கிறதாம், அரிசி கடிபடுவதால். சரி, அதுவும் நியாயம்தான்.

நவம்பர் 23, சனி

அக்கா போனில் கேட்டாள்: "ஒரு தடவை நிறைய செஞ்சு ஃப்ரீசர்ல போடலாமாடி?" போடலாம், க்ரீமும் அரிசியும் சேர்ப்பதற்கு முன்னால். க்ரீம் உறைந்து உருகினால் பிரிந்து திப்பி திப்பியாகும். மாவு சேர்த்த நீரும்கூடக் கொஞ்சம் நீர்த்துப் போகும், ஆனால் ஒரு கொதி விட்டுக் கலக்கினால் கூடிவிடும். வேகவைத்த அரிசி தனியாக நன்றாகவே உறைகிறது. ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவாகப் பையில் தட்டையாகப் பரப்பி வைத்தால், அப்படியே கொதிக்கும் சூப்பில் உதிர்த்துப் போடலாம்.

ஃப்ரிட்ஜ் என்றால் மூன்று நான்கு நாள். பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைக்காதே, நடுவில் ஆற வெகுநேரம் ஆகும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடு என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள். எந்த அரிசி வாங்குவது என்று கேட்டாள். வழக்கமாகச் செய்வதற்குக் கறுப்பு போதும், யாராவது விருந்துக்கு வந்தால் ஏரி அரிசி என்றேன். இரண்டையும் வாங்கிவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.