அயிரைக்கு ஏற்ற மணல்: தொட்டிக் குறிப்புகள்

டிசம்பர் 8, 2024, உச்சிப்புளி

மழையில் கண்மாய்கள் பெருகிவிட்டதால் சந்தைக்கு உயிருள்ள அயிரை வரத் தொடங்கியிருக்கிறது. குழம்புக்கு அல்ல, கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதற்கு என்றதும், விற்கும் அக்கா, "வளக்கிறதுன்னா மண்ணப் போட்டு வளங்க தம்பி, அது மண்ணுக்குள்ளயே கெடக்குற மீனு" என்றார். சமைப்பதற்கு முன் அயிரையைப் பாலில் விட்டு, உள்ளிருக்கும் மண்ணைக் கக்க வைப்பது நம் பக்கத்து வழக்கம். மண்ணை வாயால் அள்ளி, அதிலுள்ள சிறு புழுக்களையும் மக்கிய துகள்களையும் பிரித்துத் தின்றுவிட்டு, மீதியைச் செவுள் வழியே தள்ளுவதுதான் அது இரை எடுக்கும் முறை. ஆகவே தொட்டியின் அடியில் நாம் விரிப்பது, நாள் முழுவதும் அந்த மீனின் வாயிலும் செவுளிலும் புகுந்து வெளிவரப்போகிறது. மணலை முடிவு செய்த பிறகே மீனை வாங்குவேன்.

டிசம்பர் 10

வண்ணமீன் கடையில் கலர் கற்களைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். அயிரையின் வாய்க்குள் நுழையாத அளவு அவை. போடும் தீனி கற்களின் இடுக்கில் இறங்கி, எந்த மீனுக்கும் எட்டாமல் அங்கேயே அழுகும். அடிமட்ட மீன்களின் மீசை கரைந்துபோவதற்குக் கல்லின் கூர்மையை மட்டும் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த அழுகலில் பெருகும் பாக்டீரியாவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். கருங்கல்லை இயந்திரத்தில் உடைத்துச் செய்வதால் ஒவ்வொரு துகளிலும் முனை நிற்கிறது. ஈரமாக எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்தாலே தோல் எரிகிறது. செதிலே தெரியாத அந்த மெல்லிய உடம்பு அதற்குள் புதைந்து எழுவதை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

டிசம்பர் 15

கடற்கரை மணலைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுக்கு அருகிலேயே கிடக்கிறது, அலையில் உருண்டு முனை மழுங்கியிருக்கிறது, கைக்கும் இதமாக இருக்கிறது. உப்பைக் கழுவிவிட்டால் போதாதா என்பது அவர்கள் கேள்வி. உப்பு கழுவினால் போய்விடும், சுண்ணாம்பு போகாது. ஒரு கைப்பிடி மணலை நன்றாக அலசிக் கண்ணாடி டம்ளரில் போட்டு வினிகரை ஊற்றினேன். உடனே நுரைத்தது, நுரை அடங்கிய பிறகும், வெள்ளைத் துகள்களிலிருந்து மட்டும் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. அவை சிப்பி, சங்கு, பவளப்பாறை ஆகியவற்றின் நொறுங்கல்கள், அதாவது கால்சியம் கார்பனேட். நன்னீர்த் தொட்டியில் அது மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவையும் உயர்த்தும். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் அம்மோனியா அதே அளவு இருந்தாலும் அதில் மீனுக்கு நஞ்சாகும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும் என்பதால் இதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. கடல்மீன் தொட்டிக்கு நன்மை செய்யும் அதே குணம் இங்கே கேடாகிறது.

அலங்காரத்துக்கென்று கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளைப் பொறுக்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. செத்த துண்டையும் எடுத்துவரக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்காவாகக் காப்பது அந்தப் பவளத்துக்காகவும்தான்.

டிசம்பர் 22

பக்கத்து வீட்டு அண்ணன் முன்பு வீடு கட்டியபோது மிஞ்சிய வைகை மணலில் ஒரு வாளி கொடுத்தார். கட்டட வேலைக்கு வந்த மணல் என்றால் சிமெண்ட் கலந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிறிதளவு சிமெண்டும் நீரைக் காரமாக்கிவிடும். இது குவியலின் நடுவிலிருந்து எடுத்தது. ரவைச் சல்லடையில் சலித்துக் கல்லையும் நத்தை ஓட்டையும் நீக்கினேன். பிறகு மாவுச் சல்லடையில் சலித்து, கீழே இறங்கிய தூளைக் கொட்டிவிட்டு, மேலே நின்றதை மட்டும் வைத்துக்கொண்டேன். தூள் மணல் இறுகிப் படியும், கலங்கினால் செவுளையும் அடைக்கும். தண்ணீர் தெளியும் வரை அலசிய பின் வினிகரில் ஒரு குமிழிகூட எழவில்லை.

ஜனவரி 5, 2025

எங்கள் கிணற்று நீர் உவர்ப்பு என்பதால் காவிரிக் குடிநீரைப் பிடித்து, குளோரின் போகும்படி திறந்து வைத்து நிரப்பினேன். மணல் நான்கு சென்டிமீட்டர் உயரம். அயிரை முழுவதும் புதைந்துகொள்ள அது போதும். அதற்கு மேல் தடிமனானால் அடியில் காற்றில்லாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு சேரக்கூடும்.

மீன்களை வலையால் பிடிக்காமல் கிண்ணத்தில் மொண்டு விட்டேன். கண்ணுக்குக் கீழே உள்ள சிறு முள் வலையில் மாட்டினால் மீனுக்கும் காயம், எடுக்கிற விரலுக்கும் குத்து. விட்ட சிறிது நேரத்தில் தலை மட்டும் தெரியும்படி எல்லாம் புதைந்துவிட்டன. ஒன்று வாய் நிறைய மணலை அள்ளியது. இரண்டு செவுள்களிலிருந்தும் அது மெல்லிய புகையாக இறங்கியதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுத்தம் செய்யும்போது கழிவை உறிஞ்சும் குழாயின் வாயை மணலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தால் கழிவு மட்டும் ஏறும், மணல் தங்கும். இப்போதைக்கு வாரம் ஒரு முறை செய்யலாம் என்றிருக்கிறேன். பங்குனி வெயிலில் நீர் சூடேறி ஆக்சிஜன் குறையும், கழிவும் விரைவில் அழுகும். அப்போது வாரம் இரு முறையாக்க வேண்டும்.