104 கிலோவுக்கு எந்த பைக்? (என் கியர் வண்டி நாட்குறிப்பு)

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

எல்.எல்.ஆர். வந்து மூணு வாரம் ஆச்சு, இன்னிக்கு தான் முதல் தடவையா கியர் வண்டில ஏறினேன். வயசு 31, எடை 104 கிலோ, உயரம் 165 செ.மீ. இத மறைச்சு எழுதி பிரயோஜனம் இல்ல, என்ன வண்டி வாங்கறதுங்கறதே இந்த நம்பர வெச்சு தான் முடிவாகப் போகுது. நெட்ல தேடிப் பார்த்தா 60, 65 கிலோ ஆளுங்க ஓட்டி பார்த்துட்டு சொல்றது தான் கிடைக்குது, என்ன மாதிரி உடம்பு இருக்கற பொண்ணு, அதுவும் இப்ப தான் கத்துக்கறவ, எதப் பார்க்கணும்னு யாரும் எழுதி வெக்கல. அதான் நானே எழுதறேன்.

காலைல 6 மணிக்கு தம்பி, திருச்சி ஜி கார்னர் கிரவுண்டுக்கு கூட்டிட்டு போனான். அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டர். முதல் கியர்ல அரை கிளட்ச்ல பத்து அடி போய் நிக்கறது, திரும்ப பத்து அடி, இதே தான் ஒரு மணி நேரம். எத்தன தடவ ஆஃப் ஆச்சுன்னு எண்ணல. ஆனா ஒரு ரவுண்டு நான் போனப்ப பின்னாடிலேர்ந்து பார்த்துட்டு அவன் சொன்னது தான் இன்னும் மண்டைல ஓடுது, "க்கா, பள்ளத்துல விழுந்தா பின்னாடி ஷாக் அப்சர் அடி வரைக்கும் போயிட்டு வருது".

24 ஆகஸ்ட், ஞாயிறு

பாலக்கரைல நாங்க எப்பவும் வண்டி விடற மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்ல, சங்கடப்படவும் இல்ல, நேரா ஷாக் அப்சர் அடில இருக்கற படிக்கட்டு மாதிரி வளையத்த காட்டினாரு, அத திருப்பி தான் ஸ்பிரிங்க இறுக்கறது. அஞ்சு ஸ்டெப் இருக்கு, வண்டி வாங்கின நாள்லேர்ந்து யாரும் தொடவே இல்ல, முதல் ஸ்டெப்லயே கெடக்கு. வளைஞ்ச ஸ்பேனர் ஒண்ண போட்டு ரெண்டு பக்கமும் நாலாவதுக்கு திருப்பி விட்டாரு, ரெண்டு பக்கமும் ஒரே ஸ்டெப்ல இருக்கணும்னு மூணு தடவ சொன்னாரு.

திருப்பறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் டேப் வெச்சு அளந்தோம், பின் சக்கர ஆக்ஸில்லேர்ந்து சீட்டு கீழ இருக்கற போல்ட் வரைக்கும். முதல் ஸ்டெப்ல தம்பி (62 கிலோ) உக்காந்தா 2 செ.மீ. இறங்குது, நான் உக்காந்தா 5 செ.மீ. நாலாவது ஸ்டெப்ல நான் உக்காந்தா மூணரை. பின்னாடி ரொம்ப அமுங்கினா முன் சக்கரத்துல பாரம் கம்மியாயிடும், ஹேண்டில் லேசாயிடும், ராத்திரில ஹெட்லைட்டு ரோட்ட விட்டுட்டு எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும்னு அண்ணன் விளக்கினாரு. நான் இத்தன நாளா எத்தன சி.சி. இஞ்சின் வேணும்னு மட்டும் தான் யோசிச்சிட்டு இருந்தேன். ஸ்பிரிங்க பத்தி ஒருத்தர் கூட சொல்லல எனக்கு.

காத்தும் அப்படி தான். ஒத்தையா போறதுக்கு ஒரு அளவு, டபுள்ஸ்க்கு ஒரு அளவுன்னு மேனுவல்ல ரெண்டு நம்பர் இருக்கும், "நீ தனியா போனாலும் பின் டயருக்கு ரெண்டாவது நம்பர வெச்சுக்கம்மா"ன்னாரு.

30 ஆகஸ்ட், சனி

ஒரு ஷோரூம் போனேன். பேர் வேணாம். உள்ள நுழைஞ்சதும் "ஸ்கூட்டி அந்தப் பக்கம் மேடம்". கியர் வண்டி தான் வேணும்னேன், "தம்பிக்கா?"ன்னு கேட்டாரு. எனக்குன்னு சொன்னதும் மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை. ஒரு வண்டிலயும் உக்கார சொல்லல. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யார்கிட்டயும் பேசல. காசு கொடுத்து வாங்க வந்த ஆளு நான், என் உடம்பு எனக்கு தெரியும், அதுக்கு ஏத்த வண்டி எதுன்னு சொல்லத் தான அவங்க அங்க நிக்கறாங்க.

7 செப்டம்பர், ஞாயிறு

வேற கடைகளுக்கு போனோம், எல்லாத்துலயும் ஏறி உக்காந்து பார்த்தேன், இன்னிக்கு மனசு நெறஞ்சு போச்சு.

எங்க சொந்தத்துல எல்லாரும் சொல்றது ஒண்ணு தான், உன் உடம்புக்கு புல்லட் தான் சரி, சின்ன வண்டி தாங்காது. சரின்னு முதல்ல புல்லட் கம்பெனியோட (ராயல் என்ஃபீல்டு) கிளாசிக் 350ல ஏறினேன். சீட்டு உயரம் 805 மி.மீ., வண்டி எடை 195 கிலோ. உக்காந்தா ராஜா மாதிரி தான் இருக்கு, ஆனா குதிகால் ரெண்டும் தரைய தொடல. இதுல எனக்கு புரிஞ்சது என்னன்னா சீட்டு உயரம்னு போட்டிருக்கறத மட்டும் நம்பக் கூடாது, தொடை பெருசா இருக்கறவங்களுக்கு கால் ரெண்டும் வெளிப்பக்கமா விரிஞ்சு தான் இறங்கும், அந்த விரிப்புல கொஞ்சம் உயரம் போயிடும், சீட்டு முன்பக்கம் அகலமா இருந்தா இன்னும் போயிடும். அதே சமயம் நம்ம எடைக்கு ஸ்பிரிங் அமுங்கறதால கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். அதனால பேப்பர்ல பார்த்து முடிவு பண்ண முடியாது, ஷூ போட்டுட்டு போய் முழு எடையும் விட்டு உக்காந்து தான் பார்க்கணும்.

அதே கம்பெனியோட மீட்டியோர் 350 சீட்டு 765, ரெண்டு காலும் முழுசா ஊனுச்சு, சந்தோஷம். ஆனா ஃபுட்ரெஸ்ட்டு முன்னாடி இருக்கறதால உடம்பு பாரம் பூரா நடு இடுப்புலயும் கீழயும் வந்து உக்காந்துக்குது, ஸ்பீட் பிரேக்கர்ல கால ஊனி கொஞ்சம் எந்திரிச்சுக்க முடியாது. நமக்கு அது முக்கியம், மேடு பள்ளத்துல முட்டி கொஞ்சம் பாரத்த வாங்கினா தான் முதுகு தப்பிக்கும். அவெஞ்சர் இன்னும் தாழ்வு, 737, அதுலயும் இதே கதை. பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்ததுக்கே இடுப்பு சொல்லிடுச்சு.

எடை தாங்குமான்னு கேக்கறவங்களுக்கு: மேனுவல்ல எவ்ளோ லோடுன்னு போட்டிருக்கும், அது ஓட்டறவங்க, பின்னாடி உக்காரவங்க, பை எல்லாம் சேர்த்து. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு 130 கிலோ பக்கம். அப்ப நான் தனியா தாராளமா போகலாம், அம்மாவ ஏத்தினா தாண்டிடும். அதனால எனக்கு கொஞ்சம் பெரிய வண்டி வேணும்ங்கறது நெஜம் தான், ஆனா இருக்கறதுலயே கனமான வண்டி வேணும்னு யாரு சொன்னது?

13 செப்டம்பர், சனி

இன்னிக்கு வண்டிய கீழ போட்டுட்டேன். யூ டர்ன் எடுக்கறப்ப முன் பிரேக்க பிடிச்சுட்டேன், ஹேண்டில் திரும்பி இருக்கறப்ப முன் பிரேக் பிடிச்சா வண்டி அப்படியே சாயும், இது எடையினால இல்ல, யாருக்கும் நடக்கும். முழங்கைல சிராய்ப்பு. தம்பி ஓடி வந்தான், நான் வேணாம் நானே தூக்கறேன்னுட்டேன்.

தூக்கற முறைய முன்னாடியே பார்த்து வெச்சிருந்தேன். சாவிய ஆஃப் பண்ணி கியர் போட்டுடணும், வண்டி உருளாது. நம்ம முதுக சீட்டுல கொடுத்து உக்கார மாதிரி குனியணும், ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை பின்னாடி கம்பில. அப்புறம் முதுக வளைக்காம கால் பலத்துலயே பின்னாடி பின்னாடி அடி வெச்சு நிமிரணும். ஒரே மூச்சுல வந்துடுச்சு! 104 கிலோவ தினமும் தூக்கிட்டு நடக்கற கால் இது, பலம் இருக்கத் தான செய்யும். ஆனா இந்த ஸ்ப்ளெண்டர் 112 கிலோ வண்டி. 195 கிலோ கிளாசிக்க கத்துக்கற காலத்துல நாலு தடவ கீழ போட்டா நாலு தடவையும் இப்படி தூக்க முடியுமாங்கறது தான் கேள்வி. புல்லட்டு என் லிஸ்ட்ட விட்டு போனது இன்னிக்கு தான்.

18 செப்டம்பர், வியாழன்

எட்டு போட்டாச்சு! கால் ஊனாம. பின் பிரேக்க லேசா அமுக்கிட்டே அரை கிளட்ச்ல, கண்ணு போக வேண்டிய பக்கம்.

27 செப்டம்பர், சனி

லைசென்ஸ் மொபைல்ல வந்துடுச்சு, அதனால இன்னிக்கு டெஸ்ட் ரைடு ரெண்டு. 22ஆம் தேதிலேர்ந்து 350 சி.சி. வரைக்கும் ஜி.எஸ்.டி. 28லேர்ந்து 18 ஆயிடுச்சு, கடைல நிக்க இடமில்ல, பூஜைக்கு வண்டி எடுக்கற கூட்டம் வேற.

முதல்ல டி.வி.எஸ். ரோனின். 160 கிலோ, சீட்டு 795. ஹேண்டில் அகலம், கால் நல்லா வசதியா நேரா இறங்குது, கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டர் கொடுக்காம விட்டா கூட தானா ஊர்ந்து போகுது, டிராஃபிக்ல கத்துக்கறவங்களுக்கு வரம். நிஜமா மனசு இதுக்கு தான் போச்சு. ஆனா மெத்துனு போகுது, என் எடைக்கு கொஞ்சம் கூடவே மெத்து.

அடுத்து ஹண்டர் 350. 181 கிலோ, சீட்டு 790, முன்பக்கம் குறுகலா இருக்கறதால குதிகால் ரெண்டும் தரைல. பின்னாடி ஸ்பிரிங் இறுக்கம்னு நிறைய பேர் சொல்லி கேட்டிருக்கேன், இந்த வருஷம் அத மாத்தியும் இருக்காங்க. நான் உக்காந்தப்ப எனக்கு அளந்து செஞ்ச மாதிரி இருந்துச்சு. மத்தவங்களுக்கு இறுக்கமா தெரியறது எனக்கு சரியா இருக்குன்னா அவங்க சொல்றது பொய்யில்ல, அவங்க 65 கிலோ. கால் கொஞ்சம் பின்னாடி மடங்குது, தூரம் போனா முட்டி வலிக்கலாம், ஆனா பள்ளம் வந்தா எந்திரிச்சுக்க முடியுது. கிளட்ச்சும் லேசு. நிறுத்தி வெச்சு, இறங்கி, பத்தடி பின்னாடி தள்ளி பார்த்தேன், 195ஐ தள்ளினதுக்கும் இதுக்கும் நல்ல வித்தியாசம் தெரியுது.

ரெண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். (பிரேக்க அழுத்தி பிடிச்சா சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கறது) இருக்கற மாடல் தான் வேணும்னு சொல்லிட்டேன். எடை கூட இருந்தா நிக்கறதுக்கு தூரம் கூட வேணும், அதுல காசு மிச்சம் பிடிக்க மாட்டேன்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. ஸ்ப்ளெண்டருக்கு சந்தனம் குங்குமம் வெச்சு பொரி கடலை படைச்சோம். மதியம் போய் ஹண்டருக்கு அட்வான்ஸ் கட்டிட்டேன். மூணு நாள் ரோனினா இதுவான்னு தூக்கமே இல்ல, கடைசில தரைய தொட்ட குதிகால் தான் முடிவு பண்ணுச்சு.

12 அக்டோபர், ஞாயிறு

நேத்து வண்டி வந்துச்சு. எலுமிச்சம்பழம் ஏத்தி இறக்கி, நேரா பாலக்கரை. ஆறு ஸ்டெப்புல நாலாவதுக்கு வெச்சு, பின் டயர்ல டபுள்ஸ் காத்து பிடிச்சு, உக்காந்து அளந்தோம், மூணு செ.மீ. அண்ணன் தலையாட்டினாரு.

இன்னிக்கு காலைல அஞ்சரைக்கு கிளம்பி சத்திரம், காவேரி பாலம், ஸ்ரீரங்கம் போயிட்டு வந்தேன். தம்பி ஸ்ப்ளெண்டர்ல பின்னாடியே வந்தான். பாலத்துல காத்து அடிச்சப்ப வண்டி அசையல. ஒரு சிக்னல்ல ரெண்டு காலையும் ஊனி நின்னப்ப பக்கத்துல பால்காரர் ஒருத்தர் வண்டியையும் பார்த்தாரு என்னையும் பார்த்தாரு, "புது வண்டியாம்மா"ன்னாரு, ஆமாண்ணேன்னேன், பச்ச விழுந்துடுச்சு.

அம்மா வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க, சமயபுரத்துக்கு எப்ப கூட்டிட்டு போவன்னு. 500 கிலோமீட்டர் தனியா ஓட்டி முதல் சர்வீஸ் முடிக்கட்டும், அதுக்குள்ள உனக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்துடலாம்னு சொல்லியிருக்கேன்.