கீரைப் பொட்டலத்தில் ஓர் அந்நிய இலை

சிட்னியில் கடையில் வாங்கிய பேபி ஸ்பினாச் பொட்டலத்தில், வழவழப்பான கீரை இலைகளுக்கு நடுவே, ஓரம் ஒழுங்கின்றிப் பற்பற்களாக வெட்டுப்பட்ட ஓர் இலை அகப்பட்டது. வேறிடமாயின் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை உண்டிருப்பேன். இந்நாட்டில் அப்படிச் செய்யத் துணிவு வரவில்லை.

2022 டிசம்பரில் இங்கு விற்பனையான இதே வகைக் கீரையை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர், மங்கிய பார்வை, வறண்ட வாய், படபடப்பு, மனக்குழப்பம், மாயக்காட்சிகள் எனப் பாதிக்கப்பட்டனர். நம் ஊர் ஊமத்தையின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு களை கீரையோடு கலந்திருந்ததே காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. அக்களையிலுள்ள அட்ரோபின் என்னும் நச்சு, கண் மருத்துவர்கள் கண்பாவையை விரிக்கச் சொட்டுமருந்தாக இடும் அதே பொருள்தான்.

இளங்கீரையை இயந்திரங்கள் பாத்தியோடு பாத்தியாக அரிந்தெடுப்பதால், இடையில் முளைத்த இளங்களையும் உடன் வந்துவிடுகிறது. முற்றாத பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கும் எளிதன்று. நச்சு இலைக்குள்ளேயே இருப்பதால் கழுவுவதால் பயனில்லை. சமைத்தாலும் அது முற்றிலும் அழியும் என்று நம்ப முடியாது. ஆகவே இலையைப் படமெடுத்து, தொகுதி எண்ணுள்ள உறையோடு முழுப் பொட்டலத்தையும் கடையில் ஒப்படைத்தேன். பணத்தை உடனே திருப்பித் தந்த பணியாளர், இலையை ஏறெடுத்தும் பார்க்காததுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.